பெரியம்மா கம்ப்யூட்டரில் 5 வைரஸ்: போலி ஆன்டிவைரஸைக் கண்டுபிடிப்பதும் நீக்குவதும்

இந்த எபிசோடுக்கு நான் வேற ஒரு தலைப்பு எடுத்து வச்சிருந்தேன். ஆனா போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து பெரியம்மா போன் பண்ணாங்க. "தம்பி, கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்காம்ப்பா. இன்னைக்கே பணம் கட்டலைன்னா போட்டோ எல்லாம் அழிஞ்சிடுமாம். கட்டிடவா?"

அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிறது பெரியப்பா எடுத்த போட்டோக்கள். அவர் இப்போ இல்லை. அதனால அந்த மிரட்டல் அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

முதல்ல நான் கேட்டது ஒரே கேள்வி. "பெரியம்மா, அந்தப் பெட்டி திரையில எங்க வருது? அதுல பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?" கீழே வலது மூலையில வருது, பிரௌசர் பேரும் ஏதோ புரியாத ஒரு வெப்சைட் முகவரியும் இருக்குன்னாங்க. அப்பவே தெரிஞ்சுடுச்சு. அது ஆன்டிவைரஸ் எச்சரிக்கையே இல்லை, பிரௌசர் நோட்டிஃபிகேஷன். என்னைக்கோ பஞ்சாங்கம் டவுன்லோட் பண்ணப் போன ஒரு பக்கத்துல "நீங்க ரோபோ இல்லைன்னு காட்ட அலவ் அழுத்துங்க"ன்னு கேட்டிருக்கு, இவங்களும் அழுத்திட்டாங்க. அந்த ஒரு கிளிக்ல, அந்தத் தளம் நினைச்சப்பல்லாம் இவங்க திரையில பெட்டி காட்ட அனுமதி கிடைச்சிடுச்சு. பெட்டியில பிரபலமான ஆன்டிவைரஸோட லோகோவை ஒட்டிக்கிட்டா போதும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அழுத்தினா சில சமயம் உண்மையான ஆன்டிவைரஸோட விற்பனைப் பக்கத்துக்கே போகும். நடுவில மிரட்டினவனுக்குக் கமிஷன்.

இங்க புரிஞ்சுக்க வேண்டிய அடிப்படை ஒண்ணுதான். ஒரு வெப்சைட்டால் உங்கள் ஹார்டு டிஸ்க்கை ஸ்கேன் செய்ய முடியாது. பிரௌசர் அதை ஒரு வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறது. தெருவில நின்னுக்கிட்டே "உங்க அலமாரியில கரையான் இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா நம்புவோமா? அந்தப் பக்கத்துல பச்சைக் கோடு ஓடுறது, ஃபைல் பேர்கள் பறக்கிறது எல்லாம் வெறும் அனிமேஷன். ஒரு காலத்துல ஆப்பிள் கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்களுக்கும் "உங்க சி டிரைவ்ல வைரஸ்"னு காட்டுச்சு. ஆப்பிள்ல சி டிரைவே கிடையாது!

இது புது வியாபாரமும் இல்லை. 2008 டிசம்பர்ல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு கூட்டத்து மேல வழக்கு போட்டுச்சு. வின்ஃபிக்சர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ்னு பல பேர்ல ஏமாத்தி வித்தாங்க. வாங்கி ஏமாந்தவங்க 10 லட்சத்துக்கும் மேல. 2012ல அந்த வழக்கில் 16.3 கோடி டாலர் தீர்ப்பானது. அப்புறமும் நிற்கல. 2024ல ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற கம்பெனிகள் இதே மாதிரி புகாரில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கிட்டாங்க.

சரி, பெரியம்மா விஷயத்துக்கு வருவோம். போன்லயே அவங்கள வழி நடத்தினேன். குரோம்ல மேல வலது பக்கம் மூணு புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி கொடுத்த தளங்களோட பட்டியல் அங்க இருக்கும். பெரியம்மா பட்டியல்ல 11 இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்தோம். இனிமே எந்தத் தளமும் கேட்கவே கூடாதுன்னும் அதே இடத்துல மாத்தினோம். "அவ்வளவுதானா?"ன்னாங்க. நானும் அவ்வளவுதான்னு நினைச்சேன்.

அப்போதான் மெதுவா சொன்னாங்க: "தம்பி, போன வருஷமும் இப்படி வந்துச்சு. 2,499 ரூபா கட்டிட்டேன். உன்கிட்ட சொல்லல." ஏன் சொல்லலைன்னு நான் கேட்கல, காரணம் எனக்கே தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏதோ சந்தேகம் கேட்டப்போ, "என்ன பெரியம்மா, இதுகூடத் தெரியாதா"ன்னு சிரிச்சிருந்தேன்.

ஆக, காசு கொடுத்து வாங்கின ஒரு புரோகிராம் ஒரு வருஷமா உள்ளேயே இருந்திருக்கு. இது வேற வகை, வேலையும் அதிகம். அடுத்த சனிக்கிழமை நேர்லயே போனேன்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸ்ல மேனேஜ் புரொவைடர்ஸ்னு ஒரு இடம் இருக்கு, முதல்ல அதைப் பார்த்தேன். விண்டோஸ் அங்கீகரிச்ச ஆன்டிவைரஸ் எதுன்னு அது காட்டும். அங்க டிஃபெண்டர் மட்டும்தான் இருந்துச்சு. கடிகாரத்துக்குப் பக்கத்துல கேடயம் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்தப் புரோகிராமோட பேர் இல்லை. எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது.

ஆப்ஸ் பட்டியலை இன்ஸ்டால் பண்ணின தேதிப்படி அடுக்கினா, அதே நாள்ல கூடவே நுழைஞ்சதும் மாட்டும். கேடயத்தோட சேர்ந்து ஒரு டிரைவர் அப்டேட்டரும் ஒரு பிரௌசர் எக்ஸ்டென்ஷனும் வந்திருந்துச்சு. அன்இன்ஸ்டால் கொடுத்தா, "நிச்சயமா? உங்க கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது"ன்னு நாலு தடவை கெஞ்சுது. அப்படியும் போகலைன்னா, ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோட்ல போய் நீக்கலாம். அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பட்டியல், நெட்வொர்க் செட்டிங்ஸ்ல பிராக்ஸி, ரெண்டையும் ஒரு பார்வை. கடைசியா டிஃபெண்டரோட ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே ஓடுறதால, ஒளிஞ்சிருக்கிறது அதைத் தடுக்கிறது கஷ்டம். சுமார் 15 நிமிஷம் ஆகும். காபி குடிச்சிட்டு வந்தோம். சுத்தமா இருந்துச்சு. போட்டோ எல்லாம் பத்திரம். பெரியம்மா முன்னாடியே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு பிரதியும் எடுத்து வச்சேன்.

மூணாவதா ஒரு வகை, திரை முழுக்க சிவப்பா வந்து, சைரன் அடிச்சு, ஒரு போன் நம்பர் காட்டுறது. மைக்ரோசாஃப்டோட உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. மவுஸ் மாட்டிக்கிட்ட மாதிரி தெரிஞ்சா எஸ்கேப்பை அழுத்திப் பிடிங்க. போகலைன்னா கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். அந்த மூணு பட்டனை எந்த வெப்பேஜாலும் தடுக்க முடியாது. டாஸ்க் மேனேஜர்ல பிரௌசரை முடிச்சிடுங்க. மறுபடி திறக்கும்போது "ரீஸ்டோர்"னு கேட்கும், கொடுத்துடாதீங்க, அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும்.

ஒருவேளை அந்த நம்பருக்குப் போன் பண்ணி, அவங்க சொன்ன ரிமோட் ஆப்பையும் போட்டுட்டா? ஈவன்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டி வைரஸ்னு சொல்லுவாங்க. என் ஆபீஸ் லேப்டாப்லயும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கு, எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்கும். உடனே இன்டர்நெட்டைத் துண்டிங்க, அந்த ஆப்பை நீக்குங்க, வேற ஒரு சாதனத்துல இருந்து பாஸ்வேர்டுகளை மாத்துங்க. பணமோ கார்டு விவரமோ போயிருந்தா பேங்குக்குச் சொல்லிட்டு, 1930க்குப் போன் பண்ணுங்க. அது இந்தியா முழுக்க சைபர் மோசடிப் புகாருக்கான எண். தாமதிக்காம கூப்பிட்டா, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

பெரியம்மாவோட 2,499 போனது போனதுதான், ஒரு வருஷம் ஆச்சு. ஆனா அந்தக் கார்டை பிளாக் பண்ணிப் புதுசு வாங்கச் சொன்னேன். ஏன்னா ஸ்டேட்மென்ட்ல பார்த்தா, "ஆட்டோ ரெனியூவல்"னு அடுத்த வாரம் அதே தொகையை எடுக்கத் தேதி குறிச்சு வச்சிருந்தாங்க.

கிளம்பும்போது மானிட்டர் ஓரத்துல ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தாங்க. என் போன் நம்பர், அதுக்குக் கீழ அவங்க டீச்சர் கையெழுத்துல: "முதலில் இவனைக் கேட்கவும். சிரித்தால் திட்டவும்."