கஸ்தூரி எலியும் சதுப்பு நிலமும்

நீரிலே பாதியும் நிலத்திலே பாதியுமாகக் காலங்கழிக்கும் கொறிக்கும் பிராணிகள் உலகிற் பல உள. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பீவரும், தென் அமெரிக்காவின் கோய்ப்புவும் அவற்றுட் சில. ஈண்டு ஆராயப்படுவது வட அமெரிக்காவைத் தாயகமாகவுடைய கஸ்தூரி எலி. பீவருக்குள்ள புகழ் இதற்கில்லை. ஆயினும், பிறந்த நாட்டிலே சதுப்பு நிலத்துக்கு வாழ்வளிக்கும் அதே பிராணி, குடியேற்றப்பட்ட நாட்டிலே ஒரு தேசத்தின் அணைகளுக்கே அச்சம் விளைத்தலால், இதன் வரலாறு ஆராயத்தக்கதாகின்றது.

பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. இலங்கையிலும் இந்தியாவிலும் வாழ்ந்த ஆங்கிலேயர் வீட்டு மூஞ்சூற்றையும் இப்பெயராலேயே வழங்கினர். மூஞ்சூறோ பூச்சி தின்னும் இனத்தது. கொறிக்கும் இனத்தோடு அதற்கு உறவில்லை. இரண்டிற்கும் பொதுவாயுள்ளது உடற்சுரப்பிகளிலிருந்து எழும் மணம் ஒன்றே. அதனை மணமென்பதா நாற்றமென்பதா என்பது முகர்வாரைப் பொறுத்தது.

கஸ்தூரி எலியின் உடல் வால் நீங்கலாக ஏறக்குறைய ஓரடி நீளமும், ஒரு கிலோகிராம் அளவான நிறையும் உடையது. வால் பக்கவாட்டிலே தட்டையாகிச் சுக்கான்போல் உதவுகின்றது. பின்கால் விரல்களின் ஓரங்களிலே வரிசையாக நிற்கும் விறைத்த மயிர்கள் துடுப்பின் தொழிலைச் செய்வன. அடர்ந்த உள்மயிர் காற்றைத் தன்னுள் அடக்கிக் குளிரைத் தடுக்கின்றது. இம்மயிரே இப்பிராணிக்கு எமனாகவும் அமைந்தது. வெட்டுப்பற்களுக்குப் பின்னால் உதடுகள் இறுக மூடிக்கொள்ளுமாதலின், வாயினுள் நீர் புகாமலே நீரடியிற் கிழங்கையுந் தண்டையும் கொறிக்க இதனால் இயலும். ஒரே மூச்சிற் பதினைந்து நிமிடம்வரை நீருள் அமிழ்ந்திருக்கவும் வல்லது.

சம்பும் கோரையும் இதற்கு உணவு; வீடு கட்டும் பொருளும் அவையே. ஆழங் குறைந்த நீரிலே தண்டுகளையும் சேற்றையும் குவித்து மேடாக்கி, நீர்மட்டத்துக்கு மேலே அறையையும், கீழே வாயிலையும் அமைக்கின்றது. கரை உயர்ந்துள்ள இடங்களில் வீடு கட்டும் சிரமத்தை மேற்கொள்ளாது, நீர்மட்டத்தின் கீழிருந்து கரையைக் குடைந்து வளை தோண்டிவிடும். இவ்விருவகை உறைவிடங்களுள் இரண்டாவதே பிற்காலத்தில் ஐரோப்பாவுக்குக் கேடாய் முடிந்தது.

இப்பிராணியின் வாழ்வுக்கு நீரின் அளவே உயிர்நாடி. மாரியில் நீர் அடிவரை உறைந்துவிடின் உணவை அடையும் வழி அடைபட்டுப் பட்டினியால் மடியும். கோடையில் நீர் வற்றின் வாயில் வெளிப்பட்டு மிங்கு என்னும் ஊனுண்ணிக்கு இரையாகும். நீர் போதிய அளவு நிற்குமாயின், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஈற்றொன்றுக்கு ஐந்தாறு குட்டிகளாக ஈன்று விரைவிற் பெருகும்.

உண்பார் இல்லாத சதுப்பு நிலத்தைச் சம்பு முற்றாக மூடிவிடும். கஸ்தூரி எலி அதனை வெட்டி உண்ண, இடையிடையே திறந்த நீர்ப்பரப்புத் தோன்றுகின்றது. புல்லும் நீரும் ஏறக்குறையச் சரிபாதியாய் விரவிய சதுப்பிலேதான் பறவையினங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. கனடா வாத்து இவ்வெலியின் வீட்டுக் கூரைமேலேயே முட்டையிட்டு அடைகாப்பதுமுண்டு. எலிகள் அளவிறந்து பெருகும்போது புல் யாவும் அழிந்து வெறுநீரே எஞ்ச, பின்னர் எலிகளும் அழிகின்றன. நீர் வற்றிச் சேறு வெளிப்படும் ஆண்டில் விதைகள் மீண்டும் முளைக்கின்றன.

இவ்வுண்மைகளை நுணுகி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அயோவா மாநிலத்துப் போல் எரிங்டன் (1902 - 1962). இளமையில் இவர் பொறிவைத்து விலங்கு பிடித்து வாழ்ந்தவர். அத்தொழில் தந்த கூரிய கண்ணையே பின்னர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். மிங்குக்கு இரையாவன பெரும்பாலும் உறைவிடமின்றி அலையும் இளையனவும், போரில் தோற்றோடியனவும், வறட்சியால் இடமிழந்தனவுமே என்று இவர் கண்டார். எனவே எத்தனை எலிகள் வாழலாம் என்பதைப் பகைவிலங்கினும் அச்சதுப்பு நிலமே தீர்மானிக்கின்றது. பிற்கால ஆராய்ச்சியாளர் இக்கொள்கைக்கு வரம்புகள் வகுத்தனராயினும், அதன் அடிப்படை அசையவில்லை எனலாம்.

இனி ஐரோப்பாவின் கதை. 1905ஆம் ஆண்டிலே பொகீமியாவில், பிராக் நகருக்கு அணித்தான தொபிரீஷ் என்னும் இடத்துக் குளங்களில், கொலொரெடோ மன்ஸ்பெல்டு குடிப்பிறந்த பிரபு ஒருவர் ஐந்து கஸ்தூரி எலிகளை விடுவித்தார். ஏறக்குறையப் பத்தாண்டுகளுள் அவற்றின் வழித்தோன்றல்கள் பவேரியாவை அடைந்தன. பின்லாந்தும் சோவியத்து நாடும் மயிர்த்தோலை விரும்பித் தாமே இவற்றைப் பரப்பின. மேற்கு ஐரோப்பாவில் வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து தப்பியோடியன பல. பிரித்தானியா மட்டும் 1932இலேயே சட்டமியற்றி, அப்பத்தாண்டு முடியுமுன் இவ்வினத்தைத் தன் மண்ணிலிருந்து முற்றாக ஒழித்தது. பகை பரவுமுன் கைவைத்ததே அவ்வெற்றியின் காரணம். ஆனால் அப்பொறிகளிற் சிக்கி நீர்க்கோழி முதலிய குற்றமற்ற உயிர்களும் திரளாக மாண்டன.

நெதர்லாந்து அவ்வாறு தப்பவில்லை. ஏறக்குறைய நாலிலொரு பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்நாட்டில் 1941ஆம் ஆண்டு கஸ்தூரி எலி புகுந்தது. வாய்க்கால்களும் நீர் நிறைந்த பள்ளங்களும் மென்மண் கரைகளும் செறிந்த அந்நாடு, இவ்வெலிக்கென்றே வகுத்தமைத்தது போன்றது. வளை நீர்மட்டத்துக்குக் கீழே தொடங்குவதால் வெளியே தெரிவதில்லை. மேலே மாடோ உழவு இயந்திரமோ நடந்து கரை உள்விழும்போதே தெரியவரும். அணையின் உட்புறம் இவ்வாறு குடையப்படின், வெள்ளக் காலத்திலே நேரக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஊதியம் பெறும் பொறிவைப்போர் ஆண்டு முழுவதும் அங்குப் பணிபுரிகின்றனர். எரிங்டன் கண்ட உண்மை இங்கே எதிராய் நிற்கின்றது: இடம் செழிப்பாயிருக்குமளவும், பிடிபட்டவற்றின் இடத்தைப் புதியன வந்து நிரப்பும். சிறிது பிடித்துச் சிறிது விடுதல் வீண். பிறப்பினும் பிடிப்பு மிகவேண்டும். 2017இல் ஐரோப்பிய ஒன்றியமும் இவ்வினத்தைத் தீங்குதரும் அந்நிய உயிர்களின் பட்டியலிற் சேர்த்தது.

தாயகத்திலோ நிலைமை தலைகீழாயிற்று. அங்கே பல பகுதிகளில் கஸ்தூரி எலி குறைந்து வருகின்றது. கனடாவில், பீஸ் ஆறும் அதபாஸ்கா ஆறும் சேருமிடத்திலுள்ள பெருங் கழிமுகத்திலே, இளவேனிற் பனிக்கட்டி ஆற்றை அடைத்து வெள்ளத்தை எழுப்ப, அதனாலேயே உயர்ந்த தாழிகள் நீர் பெற்றுவந்தன. 1968இலே பீஸ் ஆற்றின் மேற்பகுதியில் பெனற் அணை தொழிற்படத் தொடங்கியபின் அத்தாழிகள் வறண்டன. மாறிவரும் தட்பவெப்பத்தின் பங்கும் இதிலுண்டு என்பார் உளர், விவாதம் முடிந்தபாடில்லை. 1974, 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் வந்தது. அதன்பின் எலிகளும் பெருகின. நீர் வற்ற அவையும் அருகின. மயிர்த்தோலின் விலை வீழ்ந்து பொறிவைப்பார் தொகை வெகுவாகக் குறைந்த பின்னரும், பழைய தொகை மீளவில்லை. எலியை நம்பி வாழ்ந்த கிரீ, தெனே, மேத்தி மக்கள், கோட்டை சிப்பேவியன் ஊரிலே, வற்றிய தாழிகளில் வில்லோச் செடிகள் வளர்வதைக் கண்டுவருகின்றனர்.