உஷார்! குடிக்கும்போது மட்டும் பிடிக்கும் அந்த சிகரெட்

“எனக்குத் தம் பழக்கமெல்லாம் கிடையாது சார். தண்ணி போடும்போது மட்டும் ரெண்டு, மூணு.” இப்படிச் சொல்லும் ஆள் இல்லாத நட்பு வட்டமே இருக்காது. சொல்கிறவர் குரலில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதிதான் ஆபத்து. சிகரெட் பிடிக்க இருப்பதிலேயே மோசமான நேரம், கையில் கிளாஸ் இருக்கும் நேரம்.

மது கல்லீரலுக்குப் போன பிறகுதான் சிதைகிறது என்று நினைக்கிறோம். வாயில் வாழும் பாக்டீரியாக்களே அந்த வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அப்போது உண்டாவது அசிட்டால்டிஹைடு. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் நச்சு அது. மது அருந்துவதால் உண்டாகும் அசிட்டால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சிகரெட் புகையிலும் இதே நச்சு இருக்கிறது. அதனால் குடித்துக்கொண்டே புகைப்பவரின் எச்சிலில் இதன் அளவு வெறுமனே குடிப்பவரைவிட அதிகமாக ஏறுகிறது. போதாததற்கு, வாய், தொண்டையின் உட்சவ்வு எதையும் எளிதில் உள்ளே விடும்படி மது செய்துவிடுகிறது. புகையிலையில் இருக்கும், புற்றுநோய் தரும் நைட்ரோசமைன்களுக்கு அதுவே வழி.

இரண்டு கெடுதலும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. அமெரிக்காவில் வாய், தொண்டைப் புற்றுநோய் பற்றி 1988-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. தினமும் இரண்டு பாக்கெட்டோ அதற்கு மேலோ புகைத்து, நாலு பெக்குக்கு மேல் குடித்தவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு, இரண்டையும் தொடாதவர்களைவிட 35 மடங்குக்கும் அதிகம். உதட்டுக்கடியில் ஹான்ஸ், கூல் லிப் மாதிரி புகையிலையை அதக்கிக்கொண்டு குடிப்பவர்கள், ‘புகைதானே கெடுதல்’ என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அதே நைட்ரோசமைன்கள் அங்கே ஈறோடு ஒட்டி மணிக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கின்றன.

சரி, ஒன்று இருந்தால் இன்னொன்றைக் கை ஏன் தேடுகிறது? இழுத்த புகையிலிருந்து நிகோடின் மூளையை எட்டப் பத்து, இருபது விநாடி போதும். அங்கே அது இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்க வைக்கிறது. மதுவும் அதே பாதையில் அதே டோபமைனைத்தான் கூட்டுகிறது. மூளையில் நிகோடின் போய் ஒட்டும் ஏற்பிகளின் செயல்பாட்டை மதுவும் மாற்றுகிறது. புகையை விட உதவும் வரெனிக்லின் மாத்திரை அந்த ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. அதைச் சாப்பிட்ட சிலருக்குக் குடிக்கும் அளவும் குறைந்ததை ஆய்வுகள் கண்டன. எலிகளுக்கு முதலில் நிகோடின் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. அந்த எலிகளுக்கு மது தந்த டோபமைன் குறைந்தது. அதை ஈடுகட்டவோ என்னவோ, அவை இன்னும் அதிகமாகக் குடித்தன.

பார் மேஜையில் நடப்பது இதைவிடக் கவலை தருகிறது. மது மந்தமாக்கும், நிகோடின் உசுப்பிவிடும். தலை சாயும் நேரத்தில் ஒரு சிகரெட் பற்றவைத்தால் தெளிந்துவிட்டது போலத் தோன்றும். நிகோடின் இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துவதால் போதை மெதுவாக ஏறும். ‘எனக்கு ஏறவே இல்லை’ என்று அடுத்த குவார்ட்டருக்குச் சொல்வது இப்படித்தான். தயவுசெய்து கவனியுங்கள்: ஒரு தம் போட்டால் இறங்கிவிடும் என்று நம்பி பைக் சாவியை எடுக்காதீர்கள். சிகரெட் குறைப்பது தூக்கக் கலக்கத்தை மட்டும்தான். ரத்தத்தில் இருக்கும் மதுவை எந்த சிகரெட்டும் வெளியேற்றாது.

என்னை அதிகம் பதறவைப்பது, “முதல்ல குடியை விடட்டும், பீடியை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று வீட்டார் சொல்வது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் 34 சதவீதம் பேரின் மரணத்துக்கு மது காரணம். புகையிலை காரணமாக இருந்ததோ 51 சதவீதம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1934-லேயே குடியை விட்டு, லட்சக்கணக்கானோர் மீள வழிகாட்டியவர். சிகரெட்டை மட்டும் பல பத்தாண்டுகள் அவரால் விட முடியவில்லை. 1971-ல் அவர் இறந்தது எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோயில். இரண்டையும் சேர்த்து விட்டால் குடி திரும்பிவிடும் என்ற பயமும் வேண்டாம். போதைச் சிகிச்சையோடு புகையை விடவும் உதவி பெற்றவர்கள், நீண்ட காலம் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். புகையிலையை நிறுத்துவதில் அந்தப் பயம் இல்லை. எரிச்சலும் தூக்கமின்மையும் படுத்தும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

இரண்டு பழக்கமும் உள்ளவர்கள் இன்றே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, கழுத்தில் கட்டி, தெளியாத குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி... எது இருந்தாலும் மருந்துக்கடையில் ஜெல் வாங்கித் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். புகையிலையை விட 1800-11-2356, குடியை விட 14446. இரண்டுமே இலவச எண்கள். இன்றே கூப்பிடுங்கள்.