கடின நீரும் கெட்ட நீரும்

நம் இல்லங்களில் தண்ணீருக்குத் தீர்ப்புக் கூறுவோர் மூவர்: நாக்கு, சோப்பு, பாத்திரம். நாவில் உவர்த்தால் அது ஆகாத தண்ணீர். சோப்பு நுரைக்காவிடில் அதுவும் ஆகாத தண்ணீர். காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிந்துவிட்டாலோ, 'வயிற்றிலும் இப்படித்தானே படியும்?' என்ற அச்சம் தாய்மாரைப் பற்றிக்கொள்கின்றது. இத்தீர்ப்புகள் எவ்வளவு சரியானவை என்பதை நாம் சற்றே ஆராய்வது நலம். ஏனெனில், தவறான தீர்ப்பினால் வீட்டுப் பணமும் வீணாகலாம். குழந்தைகளின் நலமும் கெடலாம்.

வானிலிருந்து விழும் மழைநீர் மென்மையானது. மண்ணுள் இறங்கும்போது அது கரியமில வாயுவை ஏற்று, பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புகளைக் கரைத்துக்கொள்கின்றது. அவ்வாறு கரைத்துக்கொண்ட நீரே கடின நீர். கல்வராயன் மலையைச் சார்ந்த கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், நைனார்பாளையம் போன்ற ஊர்களில், நிலத்தடி நீர் பெரிதும் கடும்பாறையின் வெடிப்புகளிலே தங்குகின்றது. நீர் எவ்வளவு நீண்ட காலம் பாறையோடு உறவாடுகின்றதோ, அவ்வளவுக்கு அதில் உப்புச் சேர வாய்ப்புண்டு.

கடற்கரை ஊர்களின் நிலை வேறு. அங்கே நிலத்தடியில் நன்னீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. மேல்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் நாளடைவில் 40 மீட்டர் வரை மேலேறக்கூடும்! சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதி இதற்குச் சான்று. நகரின் தேவைக்கும் பாசனத்துக்கும் அங்கே நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த கடல்நீர், 1983-க்குள் சுமார் 9 கிலோமீட்டர் வரை புகுந்துவிட்டது. பின்னர் 2010-இல் அதே பகுதியைச் சார்ந்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே நிறுவவேண்டியதாயிற்று. இவ்வகை ஆலைகளில் உப்பு நீக்கிய நீர் மிகவும் மென்மையாகிக் குழாய்களை அரிக்கும் என்பதால், சுண்ணாம்புச் சத்தை மீண்டும் சேர்த்தே அனுப்புவது வழக்கம். நாம் வெறுக்கும் 'கடினம்' அங்கே வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது!

ஆம், கடினம் என்பது தன்னளவில் நஞ்சன்று. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டுக் கடினத்துக்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடின நீரால் பருப்பு வேகத் தாமதமாகும். சோப்புக் கூடுதலாகச் செலவாகும். குழாயில் படிவு அடைக்கும். இவை தொல்லைகள்தாம், நோய்கள் அல்ல. பாத்திரத்தில் படியும் வெண்மை, வெப்பத்தால் பிரிந்த சுண்ணாம்பே. சிறுநீரகக் கல்லுக்கும் கடின நீரே காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. போதிய தண்ணீர் குடியாமையே அஞ்சத்தக்கது.

அப்படியாயின் உண்மையான ஆபத்து எங்கே? நாக்கும் சோப்பும் காட்டிக்கொடுக்காத இடத்தில்! கழிவுநீர் கலந்த நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கலாம்; தேனாய் இனிக்கலாம்; அதில் வயிற்றுப்போக்கும் மஞ்சட்காமாலையும் மறைந்திருக்கலாம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், வளரும் பிள்ளைகளின் பற்களில் கறையேறும். அளவு மேலும் மிகுந்தால், நாளடைவில் எலும்பும் பழுதுறும். நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரில் பால்மாவு கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். இவற்றை நாவால் அறிய முடியாது.

ஆகவே நோய்க்கேற்ற மருந்துபோல், குறைக்கேற்ற தீர்வைத் தேடவேண்டும். நன்கு கொதிக்கக் காய்ச்சினால் கிருமிகள் மடியும். ஆனால் கடலுப்பும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் நீங்கமாட்டா. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும். 'ஆர்.ஓ.' கருவி உப்பை நீக்கும். ஆயினும் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுவது சாதாரணம். கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் அதனைத் தடைசெய்யவேண்டும் என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பணித்தது. பரிசோதனையின்றி அண்டை வீட்டைப் பார்த்துக் கருவி வாங்குவது, மருத்துவரைக் காணாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும். ஏற்கெனவே வாங்கியோர் கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. குறைந்த கட்டணத்தில் அங்கே நீரைச் சோதித்துக்கொள்ளலாம். ஒரு தெருவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் செலவு மேலும் குறையும். பங்கின் பள்ளிக் கிணற்றையும் விடுதிக் குழாயையும் சோதிக்கும் பொறுப்பை நம் மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஏற்கலாமன்றோ?

எல்லாவற்றினும் மேலாக, கூரையில் விழும் மழையை மண்ணுக்குள் அனுப்புவோம். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. ஆயினும் அன்று அமைத்த குழிகளுள் பல இன்று தூர்ந்து கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன் அவற்றைத் தூர்வாரினால், கடலோரத்தில் உவர்நீரைத் தடுக்கும் அரணாகவும், நைனார்பாளையத்துப் பாறைவெடிப்பில் உப்பின் செறிவைத் தணிக்கும் நன்னீராகவும் அம்மழையே உதவும். கடின நீருக்கு அஞ்சவேண்டுவதில்லை. சோதியாத நீருக்கே அஞ்சவேண்டும்.