மதுசாரம் கொல்லாத கிருமி

பேர்லேண்டில் வாழும் எம்மவர் பலர், அருகிலுள்ள ஹூஸ்டன் நகர மருத்துவமனைகளில் உறவினரைப் பார்வையிடச் செல்கின்றனர். வாசலிலுள்ள மதுசாரக் களிம்பைக் கைகளில் பூசியதும் கடமை முடிந்ததென எண்ணுகின்றனர். 'சி. டிஃப்' என்னும் குடற்கிருமிக்கு அது போதாது.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நோய்க்கிருமிகளோடு, குடலைக் காக்கும் நற்கிருமிகளையும் அழிக்கின்றன. அவ்வேளையில் இக்கிருமி பெருகிக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்குகிறது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,53,000 பேரை இது பீடித்ததெனவும், அவர்களுள் சுமார் 29,000 பேர் நோய் கண்டறியப்பட்ட 30 நாள்களுக்குள் இறந்தனரெனவும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. முதியோருக்கே ஆபத்து மிகுதி.

இக்கிருமி வித்தி வடிவில் கட்டிற் சட்டத்திலும் கதவுக் கைபிடியிலும் மாதக்கணக்கில் உயிர்வாழும். மதுசாரம் வித்தியைக் கொல்லாது. சவர்க்காரமும் ஓடும் நீருமே அதனைக் கைகளிலிருந்து அகற்றும். தளபாடங்களைக் குளோரின் கலந்த கரைசலால் துடைத்தல் வேண்டும். நோயாளிக்குத் தனியறையும் தனி மலசலகூடமும் தேவை. அவ்வறைக்குள் செல்வோர் கையுறையும் மேலங்கியும் அணிதல் வேண்டும். வெளியேறுகையில் அவற்றைக் களைந்து கைகளைக் கழுவுதல் அவசியம்.

"கைகளைக் கழுவினீர்களா?" என வைத்தியரிடம் வினவுதல் மரியாதைக் குறைவென எம் முதியோர் தயங்குவர். அவர்கள் பொருட்டு நாம் வினவுவோம். சாதாரண தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கேட்டு வற்புறுத்துவதையும் தவிர்ப்போம்.