மக்காச்சோளத்தின் பசியும் மக்கிய எருவின் நிதானமும்

பெரம்பலூர் கரிசலில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளம் நம் சாப்பாட்டுத் தட்டுக்கு வருவது குறைவு. லாரி ஏறி நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது. மணியோடு சேர்ந்து அந்த மண்ணின் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஊரைவிட்டுப் போகின்றன. முட்டையாகவும் கறியாகவும் மாறியது போக மிச்சம் கூண்டுக்கு அடியில் எச்சமாகக் குவிகிறது. அதைத் திரும்ப வயலுக்குக் கொண்டுவருவதுதான் நியாயம். ஆனால் அள்ளிய கையோடு போடக் கூடாது.

கோழி எச்சத்தில் தழைச்சத்து பெரும்பாலும் யூரிக் அமிலமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். பண்ணை ஓரமாகப் போகும்போது கண்ணைக் கரிக்கிறதே, அந்த நெடி பயிருக்குச் சேர வேண்டிய சத்து காற்றோடு போவதால் வருவது. பச்சை எருவை விதைக்கு ஒட்டிப் போட்டால் இளம் வேரும் கருகும்.

தென்னை நார்க்கழிவு இதற்கு நேர் எதிர். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம் உண்டு. தனியாகக் கிடந்தால் லேசில் மக்காது. இரண்டையும் கலந்து, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் நுண்ணுயிர்கள் பல்கிப் பெருகும். காற்றில் பறக்கவிருந்த தழைச்சத்தைத் தங்கள் உடம்பிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். குவியலுக்குள் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, சற்றுப் பொறுத்து உருவித் தொட்டால் கை பொறுக்காது. களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாவது இந்தச் சூட்டில்தான். கிளறிவிட்டு ஈரம் காட்டிய பிறகும் சூடு ஏறவில்லை, நெடி போய் மண்வாசம் வருகிறது என்றால் எரு தயார்.

நார்க்கழிவு அரைகுறையாக மக்கியிருந்தால் நுண்ணுயிர்கள் மிச்ச வேலையை வயலில் தொடரும். அதற்கான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மக்காச்சோளத்தின் அடி இலைகளில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்குவதைப் பார்க்கலாம்.

சரி, எருவே போதுமா? இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து வேண்டும் என்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். ஒன்றரை சதவீதம் தழைச்சத்துள்ள எரு 5 டன் போட்டால் 75 கிலோதான் வரும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் போகத்தில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். பயிரோ முழங்கால் உயரத்திலிருந்து ஆண் பூ வெளிவரும் வரை, குறுகிய நாட்களுக்குள் அகோரமாகச் சத்தை இழுக்கும். எருவின் நிதானம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 25-ஆம் நாளும் 45-ஆம் நாளும் மேலுரம் வைக்கச் சொல்வது அதனால்தான். இயற்கை உரம் மட்டுமே போதும் என்று கடன் வாங்கி விதை வாங்கிய விவசாயியிடம் சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எரு வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய கேடு. கோவையில் 1972 முதல் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறிமாறிப் பயிரிட்டு நீண்டகால உரச் சோதனை நடந்துவருகிறது. ரசாயன உரத்தோடு தொழுவுரமும் பெற்ற பாத்திகள், முழு அளவு ரசாயன உரம் மட்டும் பெற்றவற்றைவிட அதிக விளைச்சல் தந்தன. மண்ணின் கரிமமும் அங்கே கூடியது.

கரிமம் கூடிய மண் ஈரத்தைக் கூடுதல் நாள் பிடித்துவைக்கும். மானாவாரியில் இதற்கு விலையே கிடையாது. பூக்கும் சமயம் மண் காய்ந்தால் கதிரின் பட்டு நூல்கள் தாமதமாக வெளிவரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து முடிந்திருக்கும். மட்டையை உரித்தால் இடையிடையே மணி பிடிக்காத பொக்கைக் கதிர்தான் கைக்கு வரும்.

கடைசி உழவுக்கு முன் எருவைப் பரப்பி மண்ணோடு கலந்துவிட வேண்டும். கோழி எருவில் மணிச்சத்து மிகுதி. ஆண்டுதோறும் போடும் வயலில் அது சேர்ந்துகொண்டே போகும். அங்கே மண் பரிசோதனை செய்து பார்த்து, சூப்பர் பாஸ்பேட் செலவைத் தைரியமாகக் குறைத்துக்கொள்ளலாம்.