நவம்பர் 29: ஒரு திகதி, மூன்று வாக்கெடுப்புகள்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 29 ஆம் திகதி பலஸ்தீன மக்களுடனான சர்வதேச ஒருமைப்பாட்டுத் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. கொழும்பில் கூட்டங்கள் நடைபெறுகின்றன. பள்ளிவாசல்களில் துஆ செய்யப்படுகின்றது. கைத்தொலைபேசிகளில் கொடிகளும் கஃபிய்யாக்களும் நிறைந்துவிடுகின்றன. ஆனால் ஏன் இந்தத் திகதி என்று கேட்டால் எம்மில் பலரிடம் பதில் இருப்பதில்லை. இது ஒரு வெற்றியின் ஞாபகார்த்த நாளும் அல்ல, ஒரு தலைவரின் பிறந்த நாளும் அல்ல. பலஸ்தீன் துண்டாடப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை வாக்களித்த நாள் இது.

அதே திகதியில் 1990 இலும் 2012 இலும் ஐ.நா.வில் வேறு இரண்டு முக்கிய வாக்கெடுப்புகள் நடந்தன. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐ.நா. தீர்மானம் என்றால் என்ன, எந்தத் தீர்மானம் நடைமுறைக்கு வரும், எது காகிதத்திலேயே தங்கிவிடும் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

1947: 33 எதிர் 13

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் பலஸ்தீன் பிரித்தானியாவின் ஆணையாட்சியின் கீழ் இருந்தது. 1947 இன் ஆரம்பத்தில், தன்னால் இதற்கு மேல் சமாளிக்க முடியாது என்று கூறி பிரித்தானியா விடயத்தை ஐ.நா.விடம் ஒப்படைத்தது. 11 நாடுகளைக் கொண்ட விசேட குழுவொன்று அமைக்கப்பட்டது. அதில் அரபு நாடு ஒன்றுகூட இருக்கவில்லை. குழுவின் 7 நாடுகள் பிரிவினையை சிபாரிசு செய்தன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் ஒரே சமஷ்டி நாட்டை முன்மொழிந்தன. அவுஸ்திரேலியா எந்தப் பக்கமும் சாரவில்லை.

அந்தக் குழுவின் கணக்கின்படி அன்று பலஸ்தீனில் சுமார் 12 இலட்சத்து 37 ஆயிரம் அரபிகளும் 6 இலட்சத்து 8 ஆயிரம் யூதர்களும் வாழ்ந்தனர். அதாவது மூவரில் இருவர் அரபிகள். யூதர்களுக்குச் சொந்தமாக இருந்த காணி மொத்த நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் மட்டுமே. ஆனால் பிரிவினைத் திட்டம் யூத நாட்டுக்கு சுமார் 55 சதவீத நிலத்தை ஒதுக்கியது. ஜெரூஸலமும் பெத்லஹேமும் சர்வதேச நிர்வாகத்தின் கீழ் வரும் எனக் கூறப்பட்டது.

நவம்பர் 25 ஆம் திகதி குழு மட்டத்தில் நடந்த வாக்கெடுப்பில் 25 நாடுகள் ஆதரித்தன, 13 நாடுகள் எதிர்த்தன, 17 நாடுகள் நடுநிலை வகித்தன. பொதுச்சபையில் இது நிறைவேற மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. அந்தக் கணக்குக்கு ஒரு வாக்கு குறைவாக இருந்தது. 26 ஆம் திகதி நடக்கவிருந்த இறுதி வாக்கெடுப்பு பிற்போடப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் சிறிய நாடுகள் மீது கடும் அழுத்தம் கொடுக்கப்பட்டது. 26 ஆம் திகதி பிரிவினைக்கு எதிராகப் பேசிய பிலிப்பைன்ஸும் ஹெய்ட்டியும் 29 ஆம் திகதி ஆதரவாக வாக்களித்தன. அதுவரை தயங்கி நின்ற லைபீரியாவும் ஆதரவுப் பக்கம் சேர்ந்தது.

இறுதி முடிவு: ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. ஒரு நாடு சமுகமளிக்கவில்லை. மேற்சொன்ன மூன்று நாடுகளும் எதிர்த்து வாக்களித்திருந்தால் கணக்கு 30 எதிர் 16 ஆகியிருக்கும். தீர்மானம் தோற்றிருக்கும்.

எதிர்த்த 13 நாடுகளில் அரபு, முஸ்லிம் நாடுகளோடு இந்தியா, கிரேக்கம், கியூபா ஆகியனவும் இருந்தன. மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் பிரிவினையின் இரத்தத்தைக் கண்ட இந்தியாவும் பாகிஸ்தானும் இந்த விடயத்தில் ஒரே பக்கம் நின்றன என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் மறுபக்கத்தில் ஒன்றாக நின்றன. பிரித்தானியா நடுநிலை வகித்தது.

இலங்கை அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. எமக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. ஐ.நா.வில் அங்கத்துவம் கிடைத்ததோ 1955 டிசம்பரில்தான். ஆபிரிக்காவிலிருந்து எகிப்து, எதியோப்பியா, லைபீரியா, தென்னாபிரிக்கா என்ற நான்கு நாடுகள் மட்டுமே அன்று அங்கத்துவம் பெற்றிருந்தன. உலகத்தின் தீர்ப்பு என்று சொல்லப்படும் அந்த வாக்கெடுப்பில் உலகத்தின் பெரும் பகுதி அன்னியர் ஆட்சியின் கீழ் வாய் மூடியிருந்தது.

"அன்று மறுத்தவர்கள் இன்று ஏன் கேட்கிறார்கள்?"

சமூக ஊடகங்களில் எமது இளைஞர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. ஐ.நா. இரண்டு நாடுகளைக் கொடுத்தது, யூதர்கள் ஏற்றார்கள், அரபிகள் மறுத்தார்கள், பிறகு என்ன குறை என்று கேட்கிறார்கள். கோபப்படாமல் விடை சொல்ல மூன்று விடயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, மறுத்தவர்கள் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கினர். யூத நாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியிலேயே, விசேட குழுவின் கணக்கின்படி, 4 இலட்சத்து 98 ஆயிரம் யூதர்களோடு 4 இலட்சத்து 7 ஆயிரம் அரபிகளும் இருந்தனர். நாடோடி பதவீன்கள் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. தம்மிடம் கேட்காமல் தமது ஊரையும் காணியையும் இன்னொரு நாட்டுக்குள் தள்ளுவதை எந்த மக்கள்தான் ஏற்பார்கள்?

இரண்டாவது, அரபு நாடுகள் வெறுமனே மறுத்துவிட்டு எழுந்து போகவில்லை. நாட்டு மக்களின் சம்மதமின்றிப் பிரிவினையை அமுல்படுத்த ஐ.நா.வுக்கு அதிகாரம் உண்டா என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்போம் என்ற பிரேரணை குழுவில் முன்வைக்கப்பட்டது. அது 20 எதிர் 21 என ஒரே ஒரு வாக்கினால் தோற்றது. அதேவேளை, பலஸ்தீன அரபு உயர் குழு விசேட குழுவின் விசாரணையைப் பகிஷ்கரித்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. தமது பக்கத்தை நேரில் எடுத்துரைக்கக் கிடைத்த சந்தர்ப்பம் அதனால் கைநழுவியது.

மூன்றாவது, மறுப்பு அத்தோடு நிற்கவில்லை. 1988 நவம்பரில் அல்ஜியர்ஸில் கூடிய பலஸ்தீன தேசிய சபை அதே 1947 தீர்மானத்தை ஆதாரமாகக் காட்டி பலஸ்தீன நாட்டைப் பிரகடனம் செய்தது. அதன் பின் பலஸ்தீன விடுதலை இயக்கம் கோரியது 1967 எல்லைகளை, அதாவது பழைய பலஸ்தீனின் சுமார் 22 சதவீதத்தை மட்டுமே. "மறுத்தார்கள்" என்ற கதையைச் சொல்பவர்கள் இந்த 1988 ஐச் சொல்வதில்லை.

இன்னொரு தவறையும் திருத்திக்கொள்வோம். "1947 நவம்பர் 29 இல் ஐ.நா. இஸ்ரேலை உருவாக்கியது" என்று நாமே எழுதுகின்றோம். பொதுச்சபையின் தீர்மானம் ஒரு சிபாரிசு மட்டுமே. அதை அமுல்படுத்த எந்தப் படையும் அனுப்பப்படவில்லை. நிலத்தில் எல்லையை வரைந்தது ஆயுதம். தீர்மானம் நிறைவேறிய மறுநாளே மோதல்கள் ஆரம்பித்தன. 1948 ஏப்ரல் 9 இல் தைர் யாஸீன் கிராமத்தில் நூற்றுக்கும் அதிகமானோர் படுகொலை செய்யப்பட்டனர். மே 14 இல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. 7 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்தனர். 1949 போர் நிறுத்த உடன்படிக்கைகளின் பின்னர் இஸ்ரேலின் கையில் 55 அல்ல, ஏறத்தாழ 78 சதவீத நிலம் இருந்தது. அதே வருடம் மே மாதம் அது ஐ.நா. அங்கத்துவமும் பெற்றது. தீர்மானம் சொன்ன இரண்டு நாடுகளில் ஒன்று இவ்வாறு வந்தது. மற்றையது வரவில்லை.

அந்தப் பாக்கியை நினைவுபடுத்தவே 1977 டிசம்பரில் பொதுச்சபை, நவம்பர் 29 ஐ பலஸ்தீனர்களுக்கான ஒருமைப்பாட்டுத் தினமாக அனுஷ்டிக்குமாறு கோரியது. தவறு நடந்த திகதியையே தெரிவு செய்ததன் அர்த்தம் இதுதான்.

1990: ஏழே வாரங்களில்

1990 ஆகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. அங்கு தொழில் புரிந்த ஆயிரக்கணக்கான இலங்கையர்கள், குறிப்பாகப் பணிப்பெண்கள், பாலைவனம் கடந்து ஜோர்தானுக்கு ஓடி வந்ததை எமது மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவ்வருடம் நவம்பர் 29 ஆம் திகதி பாதுகாப்புச் சபை 678 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1991 ஜனவரி 15 க்குள் ஈராக் வெளியேறாவிட்டால், தேவையான எல்லா வழிகளையும் கையாள அங்கத்துவ நாடுகளுக்கு அது அனுமதி வழங்கியது. 12 நாடுகள் ஆதரித்தன. கியூபாவும் யெமனும் எதிர்த்தன. சீனா நடுநிலை வகித்தது. எதிர்த்து வாக்களித்த யெமனுக்கான அமெரிக்க உதவி பின்னர் வெட்டப்பட்டது.

ஏழே வாரங்களில் யுத்தம் தொடங்கியது. பெப்ரவரி மாத இறுதியில் குவைத் மீட்கப்பட்டிருந்தது.

குவைத் மீதான ஆக்கிரமிப்பு பிழைதான். அது நீக்கப்பட்டதும் சரிதான். ஆனால் 1967 முதல் மேற்குக் கரையும் கிழக்கு ஜெரூஸலமும் காஸாவும் ஆக்கிரமிப்பில் இருக்க, ஒரு ஆக்கிரமிப்புக்கு ஏழு வாரக் கெடுவும் இன்னொன்றுக்கு வருடாந்தக் கூட்டமும் ஏன் என்பதே கேள்வி. சட்ட ரீதியான விடை, பாதுகாப்புச் சபை ஐ.நா. சாசனத்தின் 7 ஆம் அத்தியாயத்தின் கீழ் கட்டுப்படுத்தும் தீர்மானம் எடுக்கலாம், பொதுச்சபை சிபாரிசு மட்டுமே செய்யலாம் என்பதாகும். அரசியல் விடை இன்னும் எளிது. பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு வீற்றோ உண்டு. 1990 இல் அந்த ஐவரில் எவரும் அதைப் பயன்படுத்தவில்லை. பலஸ்தீன விடயத்தில் அமெரிக்கா மீண்டும் மீண்டும் பயன்படுத்தியுள்ளது.

2012: 138 எதிர் 9

2012 நவம்பர் 29 இல் பொதுச்சபை பலஸ்தீனுக்கு அங்கத்துவமற்ற அவதானிப்பு நாடு என்ற அந்தஸ்தை வழங்கியது. 138 நாடுகள் ஆதரவு, 9 எதிர்ப்பு, 41 நடுநிலை. இம்முறை இலங்கை மண்டபத்தில் இருந்தது, ஆதரவாக வாக்களித்தது. 1947 இல் பிரிவினையை ஆதரித்த அமெரிக்காவும் கனடாவும், இரண்டாவது நாட்டின் பெயரைப் பதிய வந்தபோது எதிர்த்தன. பிரித்தானியா 65 வருடங்களின் பின்னரும் நடுநிலையிலேயே நின்றது. அது பலஸ்தீனை அங்கீகரிக்க 2025 செப்டெம்பர் வரை சென்றது.

பெயர் மாற்றத்தால் என்ன பயன் என்று அன்று பலர் கேட்டனர். அவ்வருடம் ஏப்ரலில்தான், பலஸ்தீன் ஒரு நாடா என்பது தெளிவில்லை எனக் கூறி சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத் தொடுநர் அதன் முறைப்பாட்டை ஒதுக்கி வைத்திருந்தார். நவம்பர் வாக்கெடுப்பு அந்தக் கதவைத் திறந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் பலஸ்தீன் அந்நீதிமன்றத்தின் உறுப்பு நாடு. 2024 நவம்பர் 21 இல் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவுக்கு எதிராகப் பிடியாணை பிறப்பிக்கப்பட்டதற்கான பாதை அங்கிருந்துதான் தொடங்குகின்றது. காகிதத்தில் எழுதப்பட்டது உடனே நடக்காவிட்டாலும், பின்னர் ஒரு நாள் அதைக் கையில் எடுக்க ஒருவர் இருந்தால் அது வேலை செய்யும்.

இருந்தும் முழு அங்கத்துவம் இன்னும் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் பாதுகாப்புச் சபையில் 12 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்காவின் ஒரு வீற்றோ அதைத் தடுத்தது.

எமது பங்கு

பலஸ்தீன விடயத்தில் இலங்கைக்கென ஒரு வரலாறு உண்டு. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இஸ்ரேலின் நடவடிக்கைகளை விசாரிக்க 1968 இல் பொதுச்சபை அமைத்த விசேட குழுவின் மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதன் முதல் தலைவர் எமது இராஜதந்திரி ஷெர்லி அமரசிங்ஹ. 1988 இல் பலஸ்தீன நாட்டை இலங்கை அங்கீகரித்தது. மறுபுறம், 1970 இல் நிறுத்தப்பட்ட இஸ்ரேலிய உறவு 2000 இல் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. இந்த இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் எமது நாட்டின் கொள்கை. ஐ.நா.வில் இலங்கை எப்படி வாக்களிக்கின்றது என்பதைக் கவனிப்பதும், அதைப் பற்றி எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் கேட்பதும் பிரஜைகளான எமது உரிமை.

துஆவை விடுவதற்கில்லை. அதனோடு அறிவும் சேர வேண்டும். இந்த வருடம் நவம்பர் 29 இல் மத்ரஸாவிலோ பாடசாலையிலோ ஒரு பாடவேளையை ஒதுக்கி, 33 எதிர் 13 என்றால் என்ன, 12 எதிர் 2 க்கு ஏன் அத்தனை வேகம், 138 எதிர் 9 ஆகியும் ஏன் தாமதம் என்று பிள்ளைகளுக்கு விளக்குவோம். 1947 இல் எமக்கு வாக்கு இருக்கவில்லை. இன்று இருக்கின்றது. அந்த வாக்கு எப்போது, எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையை வளர்ப்பது எம்மால் இயன்ற காரியம்.