அலமாரிக்குள் ஒரு பங்குச் சந்தை

இன்றைய செய்தியைப் பற்றிப் பேசுவதுதான் என் பிழைப்பு. இன்று ஒரு மாறுதலுக்காகப் பழைய செய்திகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு என் பெற்றோர் தோ பாயோவில் இருந்த நாலறை வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாறினார்கள். சமையலறை அலமாரியில் அம்மா விரித்து வைத்திருந்த பழைய நாளிதழ்களை உரித்தெடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் 1998. ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் 2003. அரிசி டின்னுக்கு அடியில் 2008. மூன்றிலும் கொட்டை எழுத்தில் ஒரே சங்கதிதான்: பங்குச் சந்தை வீழ்ச்சி! இத்தனை வீழ்ச்சிக்கும் நடுவில் ஊறுகாய் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறது.

தலைப்புச் செய்திகள் அப்படித்தான். 1929 அக்டோபரில் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது ‘வெரைட்டி’ என்ற இதழ், வால் ஸ்திரீட் முட்டையிட்டது என்று தலைப்புப் போட்டது. முட்டை என்றால் என்ன மதிப்பெண் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1948-ல் ‘சிகாகோ டிரிபியூன்’, அதிபர் தேர்தலில் டியூவி வென்றார் என்று அவசரப்பட்டு அச்சிட்டது. வென்றவர் ட்ரூமன். அந்த நாளிதழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் படம் இன்றும் பிரபலம். 1979 ஆகஸ்டில் ‘பிசினஸ் வீக்’ இதழ் பங்குகள் இறந்துவிட்டன என்று அட்டைப்படமே போட்டது. அப்போது டோவ் ஜோன்ஸ் குறியீடு 900-க்கும் கீழே. 2024-ல் அது 40,000-ஐத் தாண்டியது. இறந்தவர் எழுந்து ஓட்டப் பந்தயத்திலேயே கலந்துகொண்டார்!

நாளிதழ்கள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பேச்சை யார் அச்சிடுவார்கள்? நாளிதழ் ஒரு நாளின் கதையைச் சொல்கிறது. முதலீடு இருபது ஆண்டுக் கதை. ஒரு நாள் மழையைப் பார்த்து யாராவது வீட்டை விற்பார்களா?

என் அப்பா விற்றார். வீட்டை அல்ல, பங்குகளை.

அண்ணனின் பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பங்குகள் அவை. 1998 செப்டம்பரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு சுமார் 800 புள்ளிகளுக்கு இறங்கியது. அந்த வாரம்தான் அப்பா எல்லாவற்றையும் விற்றார். 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதே குறியீடு 2,500-ஐத் தாண்டியது. அண்ணன் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்துத்தான் பட்டம் வாங்கினார்.

அம்மாவின் கதை வேறு. 1993-ல் மத்திய சேமநிதி உறுப்பினர்களுக்குச் சலுகை விலையில், 1 வெள்ளி 90 காசுக்கு சிங்டெல் பங்குகள் கிடைத்தன அல்லவா? அம்மாவும் வாங்கினார், வாங்கியதோடு மறந்தும் போனார். சார்ஸ் காலத்தில் அதன் விலை வாங்கிய விலைக்கும் கீழே போனது அவருக்குத் தெரியவே தெரியாது. லாப ஈவு மட்டும் சத்தமில்லாமல் சேமநிதிக் கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்தது. “நாளிதழை நீங்கள் படித்தீர்கள், நான் அலமாரியில் விரித்தேன். யார் கெட்டிக்காரர்?” என்று அப்பாவை இன்றும் கேட்பார்.

சிரித்துவிட்டு, வாங்கி வைத்துவிட்டு மறந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 1985-ல் பான் எலக்ட்ரிக் நிறுவனம் நொடித்தபோது சிங்கப்பூர், மலேசியப் பங்குச் சந்தைகள் மூன்று நாள் மூடிக் கிடந்தன. அந்தப் பங்கை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் பயனில்லை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்ட 2024 ஆனது. நம் குறியீடும் 2007-ல் தொட்ட உச்சத்தைத் தாண்ட 17 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, 2025-ல்தான் 4,000-ஐக் கடந்தது. ஆகவே ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் போடக்கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் போடுவதும் ஆபத்து.

அவசரப்படாத பணம் எப்படி வளரும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரிந்துவிடும். 4 விழுக்காடு என்றால் 18 ஆண்டு. இரண்டரை விழுக்காடு என்றால் ஏறக்குறைய 29 ஆண்டு. இதில் தலைப்புச் செய்திக்கு ஏது இடம்?

வீடு மாறிய அன்று அப்பாவிடம், “அந்தத் தலைப்பைப் பார்த்துப் பயந்துதானே விற்றீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “அந்த மாதம் எங்கள் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பேச்சு. வங்கியில் இரண்டு மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை. வேறு என்னம்மா செய்வது?” என்றார்.

இத்தனை ஆண்டுகளாக நாங்கள் அவரைக் கேலி செய்தது தவறு என்று அப்போதுதான் புரிந்தது. அவரை விற்க வைத்தது நாளிதழ் அல்ல, காலியாக இருந்த சேமிப்புப் புத்தகம். பொறுமையாகக் காத்திருக்கவும் கையில் கொஞ்சம் பணம் வேண்டியிருக்கிறது. ஆகவே நேயர்களே, ஆறு மாதச் செலவுக்கான தொகையை முதலில் வங்கியில் போட்டு வையுங்கள். பங்கு, யூனிட் டிரஸ்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதன்பின் இந்த நாளிதழை நிம்மதியாகப் படியுங்கள். படித்து முடித்ததும் அலமாரியில் விரியுங்கள். இருபது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகள் எடுத்துப் பார்த்துச் சிரிக்கட்டும்.